ஏழாம் எண் வீட்டின் சத்தக் குறிப்புகள்

சேஷாத்ரிக்குக் காது நன்றாக இருந்தது. அவர் பட்ட சங்கடங்களில் பாதிக்கும் மேல் அதனால் வந்தவைதான்.

ஹோம்புஷ் ரயில் நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடையில் இருக்கிற மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில், பதினோராம் எண் வீட்டில், மனைவி நாகலட்சுமியோடு இருபத்திரண்டு வருடங்களாகக் குடியிருக்கிறார். வயது ஐம்பத்தேழு, சொந்த ஊர் திருச்சி. ஒரு குடிநீர் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. எந்தத் தெருவில் எந்த மீட்டர் பழுது என்று அவருக்குத் தெரியும். அது தெரிந்ததற்காக இதுவரை யாரும் அவரை மெச்சிக்கொண்டதில்லை. ஒரே மகன் கான்பெராவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நாகலட்சுமி பிளாக்டவுனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்.

சேஷாத்ரிக்குப் பாட வராது. எந்த வாத்தியமும் தெரியாது. தெரிந்ததெல்லாம் கேட்பது ஒன்றுதான். ஒரு பாடகர் மேல் ஸ்தாயியில் கார்வை கொடுத்து நீட்டும்போது சுரம் ஒரு இழை இறங்கினால் அவர் முகம் சுளிக்கும். அடக்க முயன்றால் இன்னும் மோசமாகச் சுளிக்கும். இந்த முகத்துக்கு அஞ்சியே உள்ளூர் இசைச் சங்கக் கச்சேரிகளில் அவருக்கு முன்வரிசையில் இடம் தருவதில்லை.

அவர் உறுப்பினராக இருந்த அந்தச் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பத்திரிகை கொண்டுவந்தது. அதில் கச்சேரி விமர்சனம் எழுதும் பொறுப்பை ஒருமுறை அவரே கேட்டு வாங்கினார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். அச்சில் வந்தது ஒரே வரி: ‘கச்சேரி சிறப்பாக அமைந்தது, ரசிகர்கள் மகிழ்ந்தனர்.’ அடுத்த முறை ஆறு பக்கம் எழுதினார். ‘கச்சேரி மிகச் சிறப்பாக அமைந்தது’ என்று வந்தது. மூன்றாவது முறை, சென்னையிலிருந்து வந்த வித்வானின் வயலின் இரண்டு இடத்தில் தடம் மாறியதை, எந்தப் பாட்டில் எந்த வரியில் என்பதோடு எழுதினார். தலைவர் போனில் கூப்பிட்டு, “சேஷு, அவர் இன்னும் எங்க வீட்லதான் தங்கியிருக்கார்” என்றார். அதோடு விமர்சனம் நின்றது. நன்றியுரை வாசிப்பதும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பாயின. நன்றியுரையை அவர் சுருக்கமாகவும் உணர்ச்சியோடும் எழுதுவார் என்று நல்ல பெயர் இருந்தது.

இப்படி இருக்கையில்தான், அவர் வீட்டுக்கு நேர் கீழே இருந்த ஏழாம் எண் வீட்டுக்கு ஒரு பியானோ வந்தது.

மாசி மாதத்து வெயிலில் லிப்டில் அடங்காத அதை மூன்று பேர் வியர்த்து வழியப் படியேற்றினார்கள். பால்கனியிலிருந்து பார்த்த சேஷாத்ரிக்குச் சந்தோஷம். “மேற்கத்திய சங்கீதம்னாலும் சங்கீதம்தானே. நல்ல பக்கத்து வீடு அமைஞ்சிருக்கு” என்று நாகலட்சுமியிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆறரைக்குக் கீழேயிருந்து ஒரு சுரம் கேட்டது. சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் அதே சுரம். இப்படிப் பதினோரு நிமிடம் போயிற்று. சுருதி சேர்க்க ஆள் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மறுநாளும் அந்த ஆள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். மூன்றாம் நாள் பியானோவின் வயிற்றுக்குள் யாரோ ஸ்பூனைப் போட்டுத் தேடுவது போல ஒரு சத்தம் கேட்டது. ஐந்தாம் நாள் கம்பியை எதையோ வைத்து அறுப்பது போல ஒரு நீண்ட முனகல். ஒரு வாரம் கழிந்த பிறகே அவருக்கு விஷயம் புரிந்தது. சுருதி சேர்க்க யாரும் வரவில்லை. இதுதான் சங்கீதம்.

குப்பைத் தொட்டி வைக்கிற இடத்தில் அந்த வீட்டுப் பெண்ணைச் சந்தித்தார். பெயர் ஆம்பாரோ. நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் பென்சில் தொங்கும் ஒரு கயிறு. ஸ்பெயினில் வலென்சியா பக்கத்துக்காரி. ஊரை விட்டு இருபத்தோரு வருடமாகிறது. பெர்லின், ராட்டர்டாம் என்று இருந்துவிட்டு இப்போது சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வாரம் இரண்டு நாள் பாடம் எடுக்கிறாள். மற்ற நாளெல்லாம் இசை எழுதுகிறாள். இதையெல்லாம் அவள் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்து வைப்பது போலச் சொன்னாள்.

“என் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?” என்று அவளே கேட்டாள்.

சேஷாத்ரி மரியாதைக்கு, “அப்படியெல்லாம் இல்லை” என்றார். பிறகு அடக்க முடியாமல், “மெட்டு எப்போ வரும்?” என்று கேட்டார்.

“அது வந்துடாம பாத்துக்கிறதுதான் என் வேலையே” என்றாள் ஆம்பாரோ. “விட்டா அது பாட்டுக்கு உள்ளே வந்துடும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை.

“உங்க நாட்ல இதைக் கேக்கிறாங்களா?”

“ஸ்பெயின்ல என்னை ஆஸ்திரேலியாக்காரின்னு சொல்றாங்க. இங்கே ஸ்பெயின்காரின்னு சொல்றாங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்னு ரெண்டு பேரும் சொல்றாங்க.”

இன்னும் நான்கு பேர் தன்னைப் போல இருப்பதாகவும் சொன்னாள். ஹெல்சின்கியில் ஒருவர், மாண்ட்ரியலில் ஒருவர், கிளாஸ்கோவில் இருவர். எல்லோரும் ஸ்பெயின்காரர்கள், எல்லோரும் இசை எழுதுகிறவர்கள், ஸ்பெயினில் யாரும் இல்லை. இவர்கள் ஐந்து பேரின் படைப்புகளையும் சேர்த்து அக்டோபரில் சிட்னியில் ஒரு கச்சேரி. அதற்குத்தான் இந்தப் பாடு.

சேஷாத்ரி தலையாட்டிவிட்டு மேலே வந்தார். அன்று சாயங்காலம் ஸ்பூன் மறுபடி விழுந்தது. மறுநாள் அவர் மூன்றாம் எண் வீட்டுக் கதவைத் தட்டினார்.

அங்கே இருந்தவர் வரதராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். கட்டடத்தின் வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் கமிட்டிக்கு, அதாவது இங்கே எல்லோரும் ஸ்ட்ராட்டா என்று சொல்வதற்கு, ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். படியில் யார் சைக்கிளை நிறுத்தினாலும் அரை மணிக்குள் அதில் ஒரு நோட்டீஸ் தொங்கும்.

“இருங்கோ தம்பி, உந்தக் கதிரையில இருங்கோ” என்றார் வரதராஜா. முழுவதையும் கேட்டார். “நீங்கள் சும்மா வந்து சத்தம் எண்டு சொன்னால் நான் ஒண்டும் செய்யேலாது. ஒரு மாசத்துக்குக் குறிப்பு எழுதவேணும். எந்தத் திகதி, எத்தனை மணிக்குத் துவங்கினது, எப்ப முடிஞ்சது, என்ன மாதிரிச் சத்தம். எல்லாம் விபரமா எழுதித் தாங்கோ. விபரம் இல்லாத முறைப்பாட்டை நான் எடுக்கிறேல்லை.”

“விவரமாவா?”

“ஓம். எவ்வளவு விபரமோ அவ்வளவு நல்லது.”

சேஷாத்ரியிடம் வாழ்க்கையில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் ஆபீசிலிருந்து வரும் வழியில் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிவந்தார். முதல் நாள் குறிப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. ‘திங்கள். 6.35 முதல் 8.10 வரை. பியானோ. பலமான சத்தம். டிவி கேட்க முடியவில்லை.’ இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பலமான சத்தம் என்று எழுதிவிட்டு, எழுதியது தப்பு என்று தோன்ற அடித்தார். சத்தம் பலமாக இல்லை. மெதுவாகத்தான் இருந்தது. மெதுவாக இருந்ததுதான் தொந்தரவாக இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று பத்து நிமிடம் யோசித்து, ‘அடுத்த அறையில் ஒருவர் நம்மைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுவது போன்ற சத்தம்’ என்று எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அவருக்குத் திருப்தியாக இருந்தது.

அதன் பிறகு குறிப்புகள் நீண்டன.

‘வியாழன். 6.42. கம்பியை இழுத்து ஒரு முனகல், முப்பத்தெட்டு வினாடி. நேற்றைய முனகலைவிட அடர்த்தி குறைவு. கடைசி ஐந்து வினாடியில் கை தளர்ந்துவிட்டது. அதை மறைப்பதற்காக ஒரு தட்டு தட்டினாள். மறைக்காமல் விட்டிருக்கலாம்.’

‘சனி. 5.20. குக்கர் மூடியைத் தரையில் உருட்டியது போன்ற ஒலி, மூன்று முறை. முதல் இரண்டும் தேவை. மூன்றாவது எதற்கென்று தெரியவில்லை.’

‘செவ்வாய். 6.30 முதல் 6.50 வரை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் விளக்கு எரிந்தது. 6.50க்கு ஒரே ஒரு சுரம். இருபது நிமிடம் காத்திருந்ததற்கு அது போதுமானதாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.’

பத்தாவது நாள் அவர் நாற்காலியை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றினார். அங்கேதான் தரை வழியாக ஒலி சுத்தமாக வந்தது. பிறகு நாற்காலியையும் ஒதுக்கிவிட்டுக் கீழேயே உட்கார்ந்தார். நாகலட்சுமி தோசை ஆறுகிறது என்று இரண்டு முறை கூப்பிட்டுவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னங்க பண்றீங்க?”

“உஷ். கம்ப்ளெயின்ட் எழுதுறேன்.”

“கம்ப்ளெயின்ட் எழுதுறவங்க சாப்பாட்டைத் தள்ளி வச்சுட்டா கேப்பாங்க?”

“இடது கை பதினாறாவது தடவை அதே மூணு சுரத்தை வாசிக்குது நாகு. நேத்து பதினாலோட நின்னுது. இன்னிக்கு எங்கே நிக்குதுன்னு பாத்துட்டு வர்றேன்.”

பத்தொன்பதில் நின்றது. அவர் குறித்துக்கொண்டார். கூடவே, ‘பதினேழில் நிறுத்தியிருக்க வேண்டும்’ என்றும் எழுதினார்.

மாதம் முடிந்தபோது நாற்பத்தொரு பக்கம் ஆகியிருந்தது. ஒரு வாரக் கடைசியில் உட்கார்ந்து அத்தனையையும் ஆங்கிலத்தில் டைப் செய்தார். ஆங்கிலத்தில் சொல் கிடைக்காத இடங்களில் கார்வை, கமகம் என்று அப்படியே போட்டு, கடைசிப் பக்கத்தில் விளக்கமும் கொடுத்தார். வரதராஜா அதை இரண்டு நாள் வைத்திருந்து படித்தார்.

“தம்பி, இது முறைப்பாடோ, இல்லாட்டி வேற ஏதுமோ?” என்று படியில் நிறுத்திக் கேட்டார்.

“முறைப்பாடுதான் சார். விவரமா எழுதச் சொன்னீங்களே.”

“சொன்னனான் தான்” என்றார் வரதராஜா. “சரி. சட்டப்படி இதை அந்தப் பிள்ளைக்கும் ஒரு பிரதி குடுக்கவேணும். பிறகு மூண்டு பேருமா இருந்து கதைப்பம்.”

அவள் படிக்கப்போகிறாள் என்ற விஷயம் சேஷாத்ரியின் மனதில் அதுவரை உறைக்கவே இல்லை. நான்கு நாள் அவர் லிப்டைத் தவிர்த்துப் படியில் ஏறி இறங்கினார். ஏழாம் எண் வீட்டிலிருந்து அந்த நான்கு நாளும் ஒரு சத்தமும் வரவில்லை. தான் எழுதியதால் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்தபோது அவருக்கு வெற்றி பெற்ற மாதிரி இல்லை. சாயங்காலம் ஆறரைக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரதராஜாவின் வீட்டில் கூடினார்கள். மேசையில் தேநீரும், பற்றிஸ் என்கிற பொரித்த பலகாரமும் இருந்தன. நாற்பத்தொரு பக்கத்தையும் ஆம்பாரோ பைண்ட் பண்ணிக் கொண்டுவந்திருந்தாள். ஓரங்களில் மஞ்சள் காகிதத் துண்டுகள் ஏகமாக ஒட்டியிருந்தன. வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து சேஷாத்ரி நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

வரதராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் முறையாகத் தொடங்கினார். “ஏழாம் எண் வீட்டின் சத்தம் பற்றி பதினோராம் எண் வீட்டுக்காரர் தந்த...”

“இருபத்திமூணாம் பக்கம்” என்றாள் ஆம்பாரோ.

வரதராஜா நிறுத்தினார்.

“இருபத்திமூணாம் பக்கத்துல பதினேழோட நிறுத்தியிருக்கணும்னு எழுதியிருக்கீங்க. ஏன்?”

சேஷாத்ரி வரதராஜாவைப் பார்த்தார். வரதராஜா பற்றிசைப் பார்த்தார்.

“அது... எனக்குத் தோணினது” என்றார் சேஷாத்ரி.

“தோணினதை யாரும் இவ்வளவு துல்லியமா எழுத மாட்டாங்க. என் பேராசிரியர் ஒருத்தர், ரெண்டு பரிசுக் கமிட்டி, ஒரு பத்திரிகைக்காரர், இவங்க எல்லாரும் இதைக் கேட்டாச்சு. ரொம்ப சுவாரசியமா இருக்குன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. ஏன் பதினேழு?”

சேஷாத்ரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு மாதமாக யாரிடமும் சொல்ல முடியாமல் வைத்திருந்தது அவர் வாய்க்கு வந்துவிட்டது. முதல் ஐந்தாறு தடவை கேட்கிறவனுக்கு எரிச்சல் என்றார். எட்டிலிருந்து அவன் எண்ணத் தொடங்குகிறான். பதின்மூன்றில் எண்ணுவதை விட்டுவிடுகிறான். அந்த இடத்திலிருந்துதான் உண்மையில் கேட்கிறான். பதினேழு வரைக்கும் அது ஒரு நினைப்பு மாதிரி இருக்கிறது. “பதினெட்டாவதுல அது கெஞ்ச ஆரம்பிச்சுடுது” என்றார். “கெஞ்சினா யாரும் கேக்க மாட்டாங்க.”

ஆம்பாரோ அந்தப் பக்கத்தில் பதினேழு என்ற எண்ணைப் பென்சிலால் சுற்றினாள். பிறகு சொன்னாள். “ஊரை விட்டு வந்த பிறகு நான் பத்தொன்பது வீட்ல குடியிருந்திருக்கேன். ஒரு வீட்டுக்கு ஒரு தடவை. இந்த வீடு பத்தொன்பதாவது.”

“அது கேக்கிறவங்களுக்குத் தெரியாதே.”

“தெரிய வேண்டாம்னுதான் வச்சேன்.”

“அப்போ உங்களுக்காக ரெண்டு தடவை அதிகமா வாசிக்கிறீங்க” என்றார் சேஷாத்ரி. சொன்ன பிறகு அவருக்கே அது கடுமையாகப் பட்டது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் பன்னிரண்டாம் பக்கத்து முனகலையும் முப்பதாம் பக்கத்துக் குக்கர் மூடியையும் பற்றி வாதாடினார்கள். குக்கர் மூடி உண்மையில் ஒரு வெண்கலத் தாளம் என்று தெரியவந்தது. சேஷாத்ரி தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நடுவில் வரதராஜா எழுந்துபோய் இன்னொரு கெட்டில் தண்ணீர் கொதிக்க வைத்து வந்தார்.

“பதினேழோட நிப்பாட்டினால் எங்கட கட்டடம் பாட்டில இல்லையோ?” என்று அவர் சேஷாத்ரியிடம் தமிழில் கேட்டார்.

“இல்லை சார்.”

“நல்லது. கமிட்டிக்கு அதில ஆட்சேபணை இல்லை. இனி முடிவு என்னெண்டு எழுதட்டோ?”

முடிவென்று ஒன்று எழுத வேண்டியிருந்ததை அப்போதுதான் இருவரும் நினைத்துக்கொண்டார்கள். ஒன்பது வருடத்தில் முடிவு எழுதாமல் வரதராஜா ஒரு கூட்டத்தையும் முடித்ததில்லை. கட்டட விதிப்படி, பதினோராம் எண் வீட்டுக்காரரின் நியாயமான வசதியைக் கருதி, வாரநாட்களில் பிற்பகல் மூன்றிலிருந்து ஆறு வரை மட்டும் ஏழாம் எண் வீட்டில் பியானோ வாசிக்கலாம் என்று எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முறைப்பாட்டில் சேஷாத்ரி முழுவதுமாக ஜெயித்துவிட்டார். அவர் ரயில் ஹோம்புஷுக்கு வந்து சேர்வது ஆறு இருபதுக்கு.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாரம் மேலாளரிடம் போய், காலை ஆறரைக்கு வந்து இரண்டரைக்குக் கிளம்பும் ஷிப்டைக் கேட்டார். உடம்பு சரியில்லையா என்று மேலாளர் விசாரித்தார். கீழ் வீட்டுச் சத்தப் பிரச்சினை என்று சேஷாத்ரி உண்மையைத்தான் சொன்னார். பாவம், அந்த மனிதர் மிகவும் அனுதாபப்பட்டு ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் ஆம்பாரோ மேலே வந்து கதவைத் தட்டினாள். கச்சேரியன்று கொடுக்கும் கையேட்டில் படைப்பு பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டும். அவளுக்கு அதில் எழுத ஒன்றும் வருவதில்லை. சேஷாத்ரியின் நாற்பத்தொரு பக்கத்திலிருந்து எட்டைப் போட்டுக்கொள்ளலாமா? நாகலட்சுமி உள்ளேயிருந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். மகன் பிறந்த அன்று குழந்தையைப் பார்க்க உள்ளே வந்தபோது இருந்த முகம்.

“திருத்தம் ஏதாவது பண்ணுவீங்களா?” என்று கேட்டார் சேஷாத்ரி.

“ஒரு வார்த்தைகூட மாத்த மாட்டேன்.”

கச்சேரி நகரத்துக்குள் ஒரு பழைய தேவாலய மண்டபத்தில் நடந்தது. சேஷாத்ரி பட்டு வேட்டி கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்துக் கடைசியில் கோட்டு போட்டுக்கொண்டார். நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஸ்பானியக் கலாசாரச் சங்கம் ஒன்றிலிருந்து வந்த பெரியவர், தாய்நாட்டின் கலையைக் கடல் கடந்து வளர்க்கும் நம் பிள்ளைகள் என்று ஆரம்பித்துப் பேசினார். அந்த உரையை சேஷாத்ரிக்கு நன்றாகத் தெரியும். இடத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் அவரே பதினாறு தடவை எழுதியதுதான். அடுத்து என்ன வரும் என்று நாகலட்சுமியின் காதில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டுவந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

கையேட்டின் ஆறாம் பக்கத்தில் அவர் பெயர் இருந்தது. ‘குறிப்புகள்: ஆர். சேஷாத்ரி, மேல் மாடி.’ நாளும் நேரமுமாக அத்தனையும் அப்படியே அச்சாகியிருந்தது. முதல்முறையாக அவர் எழுதியதை யாரும் வெட்டவில்லை. அவர் விரலால் வரிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது முன் வரிசையில் ஒருவர் சிரித்தார். பக்கத்திலிருந்த பெண்ணுக்குக் கையேட்டைக் காட்ட அவளும் சிரித்தாள். சிரிப்பு மெல்ல மண்டபத்துக்குள் பரவியது. குக்கர் மூடி என்று யாரோ வாய்விட்டுப் படித்தார்கள்.

சேஷாத்ரிக்குக் காது சூடாகியது. அவர் வேடிக்கைக்காக ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. மாதம் முழுவதும் தரையில் உட்கார்ந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்தார். இவர்கள் அதை ஜோக் என்று நினைக்கிறார்கள்.

“போயிடலாம் நாகு” என்றார்.

“உக்காருங்க” என்றாள் நாகலட்சுமி. “சிரிச்சுட்டுப் போகட்டும். படிச்சாங்கள்ல?”

ஹெல்சின்கிக்காரரின் படைப்பு முதலில் வந்தது. பிறகு கிளாஸ்கோ. இடைவேளைக்குப் பின் ஆம்பாரோவினுடையது. அவள் வாசிக்கவில்லை, மெல்பர்னிலிருந்து வந்த ஒருவர் வாசித்தார். சேஷாத்ரிக்கு முதலில் திகைப்பாக இருந்தது. எல்லாமே மிகத் தெளிவாகக் கேட்டது. நடுவில் கான்கிரீட் இல்லாததால் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விளிம்பு இருந்தது. அவருக்குப் பழக்கமான மங்கல் இல்லை. பழகிய மனிதர் திடீரென்று மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றது போல இருந்தது. முனகல் வந்தது. வெண்கலத் தாளம் இரண்டே முறை உருண்டது. மூன்றாவதை எடுத்துவிட்டிருந்தாள்.

பிறகு இடது கை அந்த மூன்று சுரத்தைத் தொடங்கியது. மண்டபத்தில் இருமல் கேட்டது, நாற்காலி கிரீச்சிட்டது, பிறகு அதெல்லாம் அடங்கியது. சிரித்தவர்கள் கையேட்டைப் பார்க்கவில்லை. பதினைந்து, பதினாறு, பதினேழு. நின்றது.

அந்த மௌனத்தில் சேஷாத்ரிக்குள் பதினெட்டாவது தானாக ஒலித்தது. பத்தொன்பதாவதும் ஒலித்தது. மண்டபத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. இரண்டு வீடு குறைந்ததும் தெரிந்திருக்காது. கைதட்டல் வந்தபோது அவர் தட்ட மறந்து உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஒயின் கொடுத்துக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் ஆம்பாரோவைப் பிடித்தார். “நான் சொன்னது தப்போன்னு தோணுது. பத்தொன்பதே இருக்கட்டும்” என்றார்.

“முடியாது” என்றாள் அவள். “இசைப் பிரதி அச்சுக்குப் போயாச்சு. அதோட, நீங்க சொன்னது சரி.”

“சரின்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கஷ்டமா இருக்கு.”

ஆம்பாரோ அவர் தோளில் லேசாகத் தட்டினாள். அதற்குள் யாரோ அவளைப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள்.

டிசம்பரில் பல்கலைக்கழகத்தில் அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. மெல்பர்னில் வேலை கிடைத்து, நோபல் பார்க்கில் ஒரு சின்ன வீடு பார்த்துப் போனாள். பியானோவைத் திரும்ப இறக்கும்போது சேஷாத்ரி படியில் நின்று, சுவரில் இடிக்காமல் வழி சொன்னார். ஏழாம் எண் வீட்டுக்கு வந்த புதுத் தம்பதி இருவரும் மருத்துவமனை ஊழியர்கள். அவர்கள் வீட்டில் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது. கமிட்டி கூட்டத்தில் வரதராஜா அவர்களை உதாரணமாகச் சொன்னார்.

ஜனவரியில் ஹெல்சின்கியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் இக்னாசியோ, கச்சேரியில் முதல் படைப்பை எழுதியவர். ஆம்பாரோ அனுப்பிய கையேட்டைப் படித்தாராம். தன் நால்வர் வயலின் படைப்பு மீதும் சேஷாத்ரி முறைப்பாடு எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார். கூடவே ஒலிப்பதிவு இருந்தது.

சேஷாத்ரி ஹெட்போன் போட்டுக் கேட்டார். ஒரு வரியும் வரவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டார், அப்போதும் வரவில்லை. தன் முன்னால் வைத்து, கேள் என்று கொடுத்தால் அவருக்கு மரியாதை வந்துவிடுகிறது. மரியாதை வந்தால் ‘சிறப்பாக அமைந்தது’ என்பதற்கு மேல் எழுத முடிவதில்லை. மூன்று நாள் இப்படித் தவித்தபின் நாகலட்சுமிதான் வழி கண்டுபிடித்தாள். ஒலிபெருக்கியைத் துணி அலமாரிக்குள் வைத்து, மேலே இரண்டு ரஜாய்ப் போர்வையைப் போட்டு மூடி, கதவைச் சாத்தினாள். “இப்போ போய் அடுத்த ரூம்ல உக்காருங்க. நான் எப்போ போடுவேன்னு சொல்ல மாட்டேன்.”

சொன்னபடியே அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போட்டாள். சேஷாத்ரி எரிச்சலோடு நிமிர்ந்தார். நோட்டைத் தேடினார்.

இப்போது மூன்று பேருக்கு எழுதுகிறார். மாண்ட்ரியல் பெண்மணி ஒவ்வொரு குறிப்புக்கும் நன்றி எழுதி, எதையும் மாற்றாமல் விட்டுவிடுகிறார். ஆம்பாரோ மெல்பர்னிலிருந்து மாதம் ஒரு பதிவு அனுப்புகிறாள். நோபல் பார்க் வீட்டின் கீழே யாரும் இல்லை, மேலேயும் யாரும் இல்லை, வாசித்தால் சுவர்கூட எதுவும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாள்.

போன வாரம் இக்னாசியோவிடமிருந்து பதில் வந்தது. ஏழு பக்கம். சேஷாத்ரியின் குறிப்பு எவ்வளவு அநியாயமானது என்று வரி வரியாக எழுதியிருந்தார். இரண்டாம் பகுதியில் வயலின்கள் நாலும் ‘வாடகை பாக்கி பற்றிப் பேசிக்கொள்வது போல இருக்கிறது’ என்று சொன்னது அவரை மிகவும் தாக்கியிருந்தது. அந்த இடத்தைத் தன் தகப்பனார் இறந்த வாரத்தில் எழுதியதாகச் சொல்லியிருந்தார். ஆறாம் பக்கத்தில், ஒன்பதாவது நிமிடத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் ஒருவேளை சரியாக இருக்கலாம் என்று சின்ன எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

சேஷாத்ரி அதைச் சமையலறையில் நின்றபடி இரண்டு முறை படித்தார்.

“என்னவாம்?” என்றாள் நாகலட்சுமி.

“ரொம்பக் கோவமா இருக்கார்.”

“அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க? பாவம், மன்னிப்புக் கேட்டு எழுதுங்க.”

“அப்பா விஷயத்துக்கு எழுதணும். அது எனக்குத் தெரியாது” என்றார் சேஷாத்ரி. பிறகு கடிதத்தைத் திருப்பி, வயலின்களுக்காக வாதாடியிருந்த நான்காம் பக்கத்தை எடுத்தார். “ஆனா வயலின் அப்படித்தான் இருக்கு நாகு. இன்னொரு தடவை போடு. கேட்டுட்டு எழுதுறேன்.”

நாகலட்சுமி அலமாரியைத் திறந்து ரஜாயைச் சரிசெய்யப் போனாள்.